சுவர் போட்ட தாளம்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆகஸ்டு மாதத்து வெயிலில், கோழிகள் என் காலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தபோது. நான் குடித்திருக்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. அதுவும் செத்துப்போன ஒருத்தி மேல். உயிரோடு இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து ஒரு கை பார்த்திருப்பேன். மண்ணுக்குள் போனவளை என்ன செய்ய முடியும்? அவள் பெயர் மேபெல். என் வீட்டுக்காரர் ரூஃபஸின் முதல் மனைவி.

நாங்கள் மிசிசிப்பியில் பருத்திக்காட்டு ஜனங்கள். பெருவெள்ளம் வடிந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு சனிக்கிழமை மீன் வறுவல் விருந்தில்தான் ரூஃபஸை முதலில் பார்த்தேன். விருந்து நடந்த வீட்டுச் சுவரில் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள்கூட இதைக் கட்டும். இரண்டு ஆணி, ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு பாட்டில். வீட்டின் பலகைச் சுவர்தான் ஒலிப்பெட்டி. அடித்தால் வீடே ரீங்காரமிடும். ஆனால் ரூஃபஸ் வாசித்தால் அந்த ஒற்றைக் கம்பி ஆள் மாதிரி பேசும். உடைந்த பாட்டில் கழுத்தை அதன் மேல் தேய்த்துத் தேய்த்து, கேட்கிற பெண்களின் பெயரையெல்லாம் சொல்ல வைத்தார். நானும் கேட்டேன். "லோ...ட்டி" என்றது கம்பி. என் பெயரை அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை.

மேபெல் அவர் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, அதன் விளிம்பில் விரல் முட்டியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்ன, சிரிப்பாள்.

அடுத்த கோடையில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு அடுத்த வசந்தத்தில், என் புது விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு நான் அந்த வீட்டுப் படி ஏறினேன். செத்தவள் பெருக்கிய விளக்குமாற்றை வந்தவள் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

ஏறின அன்றிலிருந்தே எரிச்சல்தான்.

மேபெலின் விளக்குமாறு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றது. எரித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். முன்னறையில் தெற்குச் சுவர் வெறிச்சென்று கிடந்தது. ஜன்னல் அந்தப் பக்கம்தான். கட்டிலை அங்கே போட்டால் காற்று வரும். போட விடவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டிப் போட்டு, இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு படுத்தோம். எங்கள் வீடுகளில் குளிருக்குச் சுவரில் செய்தித்தாள் ஒட்டுவது சகஜம். பேய்க்கும் அது நல்லது என்பார்கள். ஒரு எழுத்து விடாமல் படித்து முடிக்காமல் அதனால் நம் பக்கம் வர முடியாதாம். மற்றச் சுவர்களில் ஒரு தாள்தான் ஒட்டியிருந்தது. அந்தச் சுவரில் மட்டும் தாள் மேல் தாளாக, மெத்தை மாதிரி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தண்ணீரைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் படுக்கப் போகும்முன் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, அந்தச் சுவரோரம் தரையில் வைப்பார். விடிந்தால் குடுக்கை காலியாக இருக்கும். கேட்டால், "தாகம் எடுத்தா எந்திரிச்சிக் குடிப்பேன்" என்பார். படுப்பது இந்தச் சுவரோரம், தண்ணீர் அந்தச் சுவரோரமா? நான் என்ன பச்சைக் குழந்தையா? அவள் கட்டில் கிடந்த இடம் அது. அவளை மறக்க முடியாமல்தான் இத்தனையும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கம்பியை மட்டும் அவர் தொடவே இல்லை. வீட்டுக்கு வெளியே, அதே தெற்குச் சுவரில், முன்பு கம்பி கட்டியிருந்த இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன. மழைக்குக் கறுத்துப்போன பலகையில், ஒரு கை ஓடி ஓடித் தேய்ந்த தடம் வெளுப்பாகத் தெரியும். பக்கத்து வீட்டு பர்லீன் அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்டால், "மொதல்ல காராமணிய உரிடி" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏய்யா, எனக்கு ஒரு பாட்டு வாசிச்சா ஒன் கை தேஞ்சா போயிரும்?"

"கை வரல, லோட்டி."

"அவளுக்கு மட்டும் வந்துச்சாக்கும்."

சோளரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நானே கட்டுவேன். கட்டி, சுருதி சேர்த்து, கண்ணெதிரே வைத்துவிட்டால் எந்த வாசிப்புக்காரனால் சும்மா இருக்க முடியும்? என் வீட்டுச் சுவரில், என் பெயரை, ஒரே ஒரு தடவை அந்தக் கம்பி சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆகஸ்டில் களையெடுப்பெல்லாம் முடிந்து, காய் வெடிக்கும்வரை காட்டில் வேலை இருக்காது. ரூஃபஸ் மரம் அறுக்கும் மில்லுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பகல் முழுக்க நான் மட்டும்தான்.

கம்பிக்கு எங்கே போவது? வேலிக் கம்பி தடிமன், பேசாது. நல்ல கம்பி என்றால் அது விளக்குமாற்றின் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருக்கும் கம்பிதான். என் விளக்குமாறு புதிது. அதை எதற்கு அவிழ்ப்பானேன்?

கதவுக்குப் பின்னால் போய் மேபெலின் விளக்குமாற்றை எடுத்தேன்.

முதல் சுற்றுக்குக் குறடு தேவைப்பட்டது. பிறகு தானாகவே கழன்று வந்தது. சுற்றுச் சுற்றாகப் பிரியப் பிரிய, புல்லெல்லாம் பொலபொலவென்று என் மடியில் உதிர்ந்தது. கடைசியில் கையில் வெறும் கொம்பு. அதை அடுப்பில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று காலை நான் பாடிக்கொண்டே வேலை செய்தேன்.

கம்பியைத் தாழ்வாரத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் கந்தல் துணியால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். சூடேறச் சூடேற நெளிவு போய் நேராகியது. பழைய பழப்பெட்டியிலிருந்து இரண்டு ஆணி பிடுங்கி, கல் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். சுவரில் புது இடத்தில் அடித்திருக்கலாம். வேண்டுமென்றே அந்தப் பழைய ஓட்டைகளிலேயே அடித்தேன். அவள் இடத்தில் என் ஆணி. அதில் ஒரு ருசி.

ஒரு முனையைக் கட்டி, மறு முனையைக் குறடால் இழுத்து முறுக்கினேன். ஒரு பக்கம் கம்பிக்கடியில் அரைச் செங்கல். மறு பக்கம் மூக்குப்பொடி பாட்டில். பாட்டிலை ஆணியை நோக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, கம்பி விறைத்துச் சுருதி ஏறியது. விரலால் சுண்டினேன்.

டொய்ங்ங்ங்...

சுவர் அதிர்ந்தது. உள்ளே அடுப்படியில் தகரக் குவளைகள் கிணுகிணுத்தன. கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

உடைந்த மருந்து பாட்டிலின் கழுத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையால் அடித்தேன். சின்ன வயதில் வாசித்தது கைக்கு மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டு கூடி வந்தது.

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக் டொக்... டொக்.

சுவருக்கு உள்பக்கம். யாரோ விரல் முட்டியால் தாளம் தட்டுகிறார்கள்.

நான் நினைத்தது என்ன தெரியுமா? ரூஃபஸ் சீக்கிரம் வந்துவிட்டார். முன்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார். நான் வாசிப்பதைக் கேட்டு மனசு இளகி, உள்ளிருந்தே எனக்குத் தாளம் போடுகிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். செத்தவளை ஜெயித்துவிட்டேன்.

"நல்லாருக்காய்யா?" என்று கத்தினேன்.

டொக்... டொக் டொக்... டொக்.

"வெளிய வந்து வாசியேன்!"

தட்டல் மட்டும்தான். கொஞ்சம் வேகமாக. நானும் வேகமாக அடித்தேன். இன்னும் வேகமாக. நானும் விடவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. எங்கள் ஊரில் நல்ல வாசிப்புக்காரன் யாரென்றால், தாளம் போடுகிறவன் எங்கே இழுத்தாலும் கூடவே போகிறவன்தான். எனக்கு ஒரே பெருமை.

பிறகுதான் மெல்ல உறைத்தது.

தட்டல் என் பாட்டுக்குப் பின்னால் வரவில்லை. நான்தான் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ரூஃபஸ் நல்ல உயரம். நின்று தட்டினால் என் தலைக்கு நேராகக் கேட்க வேண்டும். இது கீழே கேட்டது. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

கட்டிலில் படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில், பருத்திக்காட்டு வரப்பில், ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். தோளில் சட்டை. கையில் தூக்குவாளி.

ரூஃபஸ்.

அப்படியென்றால்... உள்ளே?

என் கை தானாக நின்றது. கம்பி நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

டொக். டொக் டொக். டொக்.

பாட்டு இல்லாமல் கேட்டபோது அது தாளமாகவே இல்லை.

டொக் டொக் டொக் டொக்...

பிறகு ஒரு சத்தம். நகம் பேப்பரைக் கிழிக்கிற சத்தம். சர்ர்ர்...

பிறகு ஒன்றும் இல்லை.

ரூஃபஸ் வரப்பில் நின்றுவிட்டிருந்தார். சுவரில் கம்பியைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. தூக்குவாளி கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்தார். வந்த வேகத்தில் வெறுங்கையால் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆணியோடு பிய்ந்து வந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. திட்டுவார், அடிப்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள தட்டுச்சா?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் நின்ற தூரத்துக்கு அது கேட்டிருக்கவும் முடியாது.

"ம்."

"நீ நிறுத்தினப்புறமும் தட்டுச்சா?"

"தட்டுச்சு."

அடுப்படிக்கு ஓடினார். வாளியோடு தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். அறையில் யாரும் இல்லை. முன்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அந்த வெற்றுச் சுவரில், கட்டில் உயரத்தில், செய்தித்தாள் ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. அத்தனை தாளும் கிழிந்து, உள்ளே பலகை தெரிந்தது. குடுக்கை உருண்டு கதவோரம் கிடந்தது.

ரூஃபஸ் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு வாளியை வைத்தார்.

"இந்தா... கொண்டாந்துட்டேன். இந்தா."

என்னிடம் ஒரு நாளும் அந்தக் குரலில் பேசியதில்லை. அந்தப் பயத்திலும் என் மனசுக்குள் ஓடியது இதுதான்: அவளுக்கென்றால் வாளியோடு தண்ணீர்.

மறுநாள் பர்லீன் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். காராமணிக் கூடையை எட்டித் தள்ளினேன். சொல்லாமல் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசினாள்.

"சனிக்கெழமடி. மேபெலுக்குக் காய்ச்சல் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. ஜனமெல்லாம் முத்தத்துல கூடிருச்சு. ரூஃபஸ் வாசிக்க ஆரம்பிச்சான். கொஞ்ச நேரத்துல உள்ளருந்து தட்டுற சத்தம்."

"தட்டினது அவளா?"

"அவதான் எப்பவும் தாளம் போடுவாளே. எல்லாரும் கை தட்டுனோம். மேபெலுக்கு ஒடம்பு தேறிருச்சுடா, தாளம் போடறா பாருன்னு ஒரே கூத்து. அவ வேகமாத் தட்டுனா. அவனும் வேகமா வாசிச்சான். நானும் ஆடுனேன்டி லோட்டி. செருப்பு அறுந்துபோற வரைக்கும் ஆடுனேன்."

"அப்புறம்?"

"தட்டுறது நின்னுச்சு. களச்சுத் தூங்கிட்டான்னு நெனச்சோம். அவன் இன்னொரு பாட்டு வாசிச்சான்." அக்கா தள்ளிப்போன காராமணிக் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தொண்ட அடைச்சுப்போயி குரல் வரலடி அவளுக்கு. தண்ணி வாளி அடுப்படியில இருந்துச்சு. நாங்க உள்ள போனப்போ அவ கை முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு."

அவளை மறக்க முடியாத காதல் என்று நினைத்து நினைத்து எரிந்தேனே, அது காதலே இல்லையா? பிறகு கேட்டேன்.

"அந்தச் சுவத்துல அவ்ளோ பேப்பர் ஒட்டினது..."

"நான்தான் ஒட்டச் சொன்னேன். படிச்சிட்டே கெடக்கட்டும், இந்தப் பக்கம் வராதுன்னு. அப்புறந்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு." பர்லீன் அக்கா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "மேபெலுக்குத்தான் எழுத்தே தெரியாதே."

அந்த வருஷப் பருத்தி எடுத்ததும் மெம்ஃபிஸுக்குக் கிளம்பிவிட்டோம். வீடு மாற்றும்போது பழைய விளக்குமாற்றைக் கூடவே கொண்டுபோகக்கூடாது என்பார்கள். நான் என் விளக்குமாற்றைக்கூட எடுக்கவில்லை. அங்கே செங்கல் வீடு. ஆணி அடித்தால் இறங்காத சுவர். ரூஃபஸ் குடுக்கையை மறந்தார். நான் பொறாமையை மறந்தேன். பல வருஷம் நிம்மதியாகவே இருந்தோம்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டி, காய்ச்சலில் விழுந்தேன். ஒரு சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. கண் விழித்தால் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கூப்பிடப் பார்த்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ரூஃபஸ் அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டு. காலால் தாளம் போடுவது கேட்டது.

தட்டினால் வருவார் என்று கையைத் தூக்கினேன். என் கட்டிலை ஒட்டியே சுவர்.

என் கை சுவரில் படவில்லை. சத்தியமாகப் படவில்லை. அதற்கு முன்பே...

டொக்... டொக் டொக்... டொக்.

எதிர்ச் சுவரில்.

செங்கல் சுவர். ஆனால் பலகையில் தட்டுகிற சத்தம்.

ரேடியோ பட்டென்று நின்றது. அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம். ரூஃபஸ் குவளை நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. நான் கையை நீட்டினேன்.

என்னைத் தாண்டிப் போனார்.

எதிர்ச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, குவளையைத் தரையில் வைத்தார்.

"பாத்தியா மேபெல், பாட்ட நிறுத்திட்டே வந்துட்டேன்."

நான் தட்டினேன். என் சுவரில், என்னால் முடிந்த மட்டும். அவர் திரும்பவில்லை. அந்தத் தட்டலும் அவளுடையது என்றே நினைத்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

என்ன பாவமோ, நான் பிழைத்துக்கொண்டேன். அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், ரொம்ப காலமாயிற்று. கடைசிவரை என் பெயரை அந்தக் கம்பி சொல்லவே இல்லை.

இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லை. அதனால் படுக்கும்முன் நானே இரண்டு குவளை நிரப்புகிறேன். ஒன்று அந்தச் சுவரோரம், அவளுக்கு. ஒன்று என் தலைமாட்டில், எனக்கு. விடிந்து எழுந்தால் என் நாக்கு காய்ந்தபடியேதான் இருக்கிறது. குவளை இரண்டும் காலி.